லைப்ரரி சுவரில் செருகின ஒயர்

எங்கள் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் நின்றுபோனால் வெர்லின் ஷாட்ஸைக் கூப்பிடுவார்கள். ஓடிக்கொண்டிருந்தால் அப்படி ஒருத்தன் இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது. வடக்கு டகோட்டாவில் கோதுமை வயல்களுக்கு நடுவே சின்ன ஊர். ஆபீஸில் முன்மேஜை என்னுடையது, பக்கத்து அறை அவனுடையது. முன்னே டெலிபோன் கம்பெனிக்காகப் பண்ணை பண்ணையாக ஒயர் புதைத்தவன். நெட்வொர்க் என்றால் அவனுக்கு உயிர், எனக்குத் தலைவலி. காபி எடுக்கப் போனால்கூட, "ஜோலீன், ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு விலாசம் இருக்கு, தெரியுமா?" என்று பிடித்துக்கொள்வான்.

"தெரியும்ப்பா, ஆளை விடு."

போன வசந்தத்தில் மாநிலப் பரீட்சை. பிள்ளைகள் எல்லாரும் கம்ப்யூட்டரில் எழுதிக்கொண்டிருக்கும்போது திடீரென்று எல்லாம் உறைந்துபோனது. டெலிபோனும் அதே ஒயரில்தான், அதுவும் செத்தது. வெர்லின் ஷூ கயிறுகூடக் கட்டாமல் ஓடினான். லைப்ரரியில் ஒரே ஒயரின் இரண்டு முனையும் சுவரில் செருகியிருந்தது. பிடுங்கினான், எல்லாம் உயிர்பெற்றது. ஆனால் அத்தனை பிள்ளைகளும் பரீட்சையை மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

செருகியது லைப்ரரியைப் பார்த்துக்கொள்ளும் லோர்னா ட்வைட். "ஒரு முனை தரையில கிடந்துச்சு. புள்ளைங்க தடுக்கி விழுந்துடும்னு பக்கத்துத் துளையில சொருகிட்டேன். இதுக்கா இவ்வளவு?" என்று மலங்க மலங்க விழித்தாள். அவ்வளவுதான், எல்லாரும் கேலிக்குப் பிடித்துக்கொண்டார்கள். "லோர்னா, டோஸ்டர் பக்கம் மட்டும் போயிடாதீங்க" என்றார் விளையாட்டு வாத்தியார். சிரிக்காதவர்கள் இல்லை. நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன்.

அவளோ வகுப்பு வகுப்பாகப் போய் மன்னிப்புக் கேட்டாள். அவளுக்கு வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை. பிரின்சிபல் ரோண்டா என்னிடம், "அடுத்த வருஷத்துக்கு வேற யாரையாவது பாக்கலாமா?" என்று கேட்டபோது என் சிரிப்பு அடங்கிவிட்டது.

அதற்குள் வெர்லினும் ஊமையாகிவிட்டான். தன்னால் அவனுக்கு வீண் அலைச்சல் என்று லோர்னா, ரூபார்ப் என்கிற புளிப்புத் தண்டு போட்டு கேக் செய்து கொண்டுவந்து கொடுத்தாள். அவள் போனதும் டப்பாவை என் மேஜையில் வைத்தான்.

"நீயே சாப்பிடு. எனக்கு இறங்காது."

"என்னய்யா ஆச்சு உனக்கு?"

உட்கார்ந்தான். "ஸ்விட்ச்னு ஒரு பெட்டி இருக்குல்ல, சுவர்த் துளை எல்லாம் அதுலதான் போய்ச் சேருது. ஒரு மெஷின் 'இந்த விலாசம் யாரோடது?'ன்னு கேட்டா, அந்தக் கேள்விய எல்லாத் துளையிலயும் அனுப்பும். ஒரே ஒயரோட ரெண்டு முனையும் அதுலயே இருந்தா, வெளிய போன கேள்வி திரும்ப உள்ள வரும். மறுபடி எல்லாருக்கும் போகும். பெருகிப் பெருகி மத்த எல்லாத்தையும் அமுக்கிடும்."

"அதான் லோர்னா பண்ணின கூத்து. ஊருக்கே தெரியுமே."

"இல்ல ஜோலீன். அப்படிச் சுத்து விழுந்தா ஒரு வாசல மூடிக்கிற காவல் ஒண்ணு அந்தப் பெட்டிக்குள்ளயே இருக்கு. எவன் எதைச் சொருகினாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா அந்தக் காவல் எந்த மெஷினையும் கொஞ்ச நேரம் நிறுத்தித்தான் உள்ள விடும். லைப்ரரியில இருக்கிற பழைய மெஷின் அது வரைக்கும் பொறுக்காம நெட் இல்லன்னு கைய விரிச்சிடுது. அதுதான் காரணமான்னு பாக்கறதுக்கு நான் காவலை அணைச்சேன். திரும்பப் போட மறந்துட்டேன். அந்த ஒயரும் நான் விட்டுட்டு வந்ததுதான்."

எனக்கு வந்ததே கோபம். "அடப்பாவி! அவ வேலை போகப்போகுது. உன் வாயில என்ன கொழுக்கட்டையா?"

"முதல் நாளே சொல்லியிருக்கணும். தள்ளிப்போடப் போட இன்னும் கஷ்டமாயிடுச்சு. அவங்க என்கிட்டயே வந்து ஸாரி சொல்றப்ப உடம்பெல்லாம் கூசுது."

"என்கிட்ட அழுது என்ன பிரயோஜனம்? எழுந்து போ."

போனான். ரோண்டாவின் அறைக் கதவு ஒன்றும் கனமில்லை, எல்லாம் கேட்டது. லோர்னாவின் வேலைக்கு இனி ஆபத்தில்லை, இவனுக்குத்தான் நல்ல டோஸ். பிறகு லைப்ரரிக்குப் போனான். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, ஆனாலும் பின்னாலேயே போனேன்.

லோர்னா புத்தகம் அடுக்கியபடியே முழுக்கக் கேட்டாள். "அப்ப நான் சொருகினதால ஒண்ணும் ஆகியிருக்காதா?"

"ஆகியிருக்காது."

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"ஒயரப் பிடுங்கினப்பவே."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "மூணாம் கிளாஸ்ல நான் ஸாரி சொன்னப்ப ஒரு புள்ள, 'பரவால்ல மிஸஸ் ட்வைட், உங்களுக்கு வயசாயிடுச்சுல்ல'ன்னு சொல்லிச்சு. நீ அப்ப அந்தக் கதவுக்கு வெளியில ஏணி மேல நின்னுக்கிட்டு இருந்தே, வெர்லின்."

அவன் தலை குனிந்தது. "எல்லாருக்கும் மெயில் போட்டுடறேன்."

"மெயிலா? நான் மெயிலா போட்டேன்?"

அன்று மத்தியானமே மூன்றாம் வகுப்பில் தொடங்கினான். பிள்ளைகள் முன்னால் தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கிக்கொண்டு, "அன்னிக்குப் பரீட்சை நின்னது என் தப்பு. மிஸஸ் ட்வைட்டோட தப்பு இல்ல" என்றான்.

முன் வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். "அப்ப அவங்க ஏன் ஸாரி சொன்னாங்க?"

"அவங்களுக்குத் தெரியாது."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றான் வெர்லின். "பக்கத்துலதான் இருந்தேன். அவங்கள சொல்ல விட்டுட்டேன்."

அவன் கதவை மெல்லச் சாத்திவிட்டு அடுத்த வகுப்புக்கு நடந்தான்.