பூநாரைக் கதையைக் கேட்காமல் போன எட்வின் ஐயா

மன்னாரிலிருந்து திரும்பி இத்தாலியின் பலெர்மோ விமான நிலையத்தில் இறங்கியபோது, என் கணவர் பெட்டியை வாங்கிக்கொண்டு வாசல்வரை நடந்தார். பிறகு, "எட்வின் ஐயா முந்தநாள் போயிட்டார். வழியிலை அந்தரப்படுவாய் எண்டுதான் சொல்லேல்லை," என்றார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. நான் வந்து சேரும்வரை பொறுத்திருக்கக் கூடாதா ஐயா?

எட்வின் ஐயா இங்கிலாந்துக்காரர். ஆற்று மீன்பிடி, வேட்டை நாய்கள், பறவைகள் என்று தம் நாட்டுப் பத்திரிகைகளுக்கு வாழ்நாள் முழுவதும் எழுதியவர். மனைவி காலமான பின் பலெர்மோவுக்கு அருகே பகேரியாவில் வீடெடுத்துத் தனியே இருந்தார். பலெர்மோவில் நாங்கள் குடியிருக்கும் கபோவிலிருந்து போய் அவருக்குச் சமைத்து வீடு பார்த்தவள் நான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் குளிர்பெட்டியில் காடைகள் இருந்தன. வேட்டைக்காரர் வீடுதானே என்று உரித்து, ஊர்த் தூள் போட்டுக் கறி வைத்துவிட்டேன். சன்னல் கண்ணாடியில் மோதிச் செத்த அவற்றை, இறகு பார்த்து எழுதவென்று ஐயா எடுத்து வைத்திருந்தாராம். ஒரு சொல் ஏசவில்லை. குப்பையைக் கிளறி இறகுகளைப் பொறுக்கிக் கழுவிக் காயவைத்தார். பிறகு மூக்கு ஒழுக ஒழுகக் கறியை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

எதையும் வாயால் சொல்லிப் பார்க்காமல் அவர் எழுதியதே இல்லை. காலையில் கடற்கரைப் பக்கம் போய்வந்து, நான் வெங்காயம் வெட்டும் மேசையில் அமர்ந்து, கண்டதையெல்லாம் இத்தாலிய மொழியில் தட்டுத்தடுமாறிச் சொல்லுவார். நான் அலுத்துக்கொண்ட இடத்தை எழுத்தில் வெட்டிவிடுவார்.

எங்கள் ஊருக்கு மாரியில் பூநாரை வரும் என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். விடுவாரா? அன்றிலிருந்து மன்னார்தான் பேச்சு. சேர்ந்து போவதாக இருந்த மாரியில், என் வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோ புதுப்பித்து வரவில்லை. அது வந்தபோது, ஐயாவை விமானம் ஏற மருத்துவர் விடவில்லை. தனியே புறப்பட்ட நான், கைபேசியில் படம் பிடித்து அனுப்புகிறேன் என்றேன்.

"படம் வேண்டாம். வந்து வாயால் சொல்லுங்கள். நான் காத்திருக்கிறேன்," என்றார்.

நேற்று அடக்கம் முடிந்தது. சொல்ல வந்த கதை இன்னும் என்னிடமே இருக்கிறது. யாரிடம் போய்ச் சொல்ல?

ஐயா, மன்னார்ப் பாலத்தடியில் பூநாரைகள் ஆழமில்லாத தண்ணீரில் நின்றன. காலால் சேற்றைக் கலக்கி, தலையைக் கவிழ்த்து மேய்ந்தன. தூரத்தில் வெளிறித்தான் தெரிந்தன. இதற்கா இவ்வளவு பாடு என்று நினைத்தேன். காற்று எழும்பியதும் தண்ணீர்மேல் ஓடி ஓடிக் கிளம்பின. விரித்த செட்டைக்குள்ளே அவ்வளவு சிவப்பு! பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று நினைத்து, வாய்விட்டு உங்களைக் கூப்பிட்டுவிட்டேன்.

பிறகு எந்தப் பக்கம் போயின என்று கேட்பீர்கள். கடல் பக்கம், ஐயா. போய் வாருங்கள்.