பியானோக்காரர் காத்திருந்தார்

நான் நாடகக்காரி. ஒருமுறை கம்பம் ஊருக்கு மேலே மலையில் ஒரு தேயிலை எஸ்டேட் பங்களாவில் பாடக் கூப்பிட்டார்கள். போகிற வழியிலேயே எங்கள் ஆர்மோனியக்காரருக்குக் குளிர்காய்ச்சல் வந்துவிட்டது. விருந்துக்கு வந்திருந்த ஹங்கேரி தேசத்துப் பியானோக்காரர், தானே வாசிப்பதாகச் சொன்னாராம்.

“நம்ம பாட்டு அவுகளுக்கு எப்படித் தெரியும்?” என்று எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரிடம் கேட்டேன்.

“பாடு ஆத்தா, தொரைமாருக காத்துக்கிட்டு இருக்காக” என்றார் அவர்.

பாடினேன். சுருதியை உடனே பிடித்துவிட்டார். ஆனால் சரணத்தில் அவர் விரல்கள் எங்கெங்கோ ஓடின. சர்ச் பாட்டுப் போலக் கொஞ்சம், கிளப் டான்ஸ் போலக் கொஞ்சம், குறவர் ஆட்டம் போலக் கொஞ்சம். அதில் மிரண்டு அடுத்த அடியை மறந்துவிட்டேன். பாட்டை நிறுத்திவிட்டேன். இனி எந்த மேடையிலும் நிற்க முடியாது என்று பயந்தேன்.

அவர் நிறுத்தவில்லை. நான் கடைசியாகப் பாடிய அடியையே வாசித்தார். திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் வேறு அழகோடு. என் பக்கம் திரும்பவேயில்லை. பாட்டே அப்படித்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு மூச்சு வந்தது, அடியும் வந்தது.

“அவுக ஊரு நாடோடிகளோட வாசிச்சவுகளாம். பாடுறவுக பாதியில நிறுத்திட்டா காத்திருக்கணும்னு அங்கன படிச்சாகளாம்” என்றார் ரைட்டர், பிறகு.

அதற்கப்புறம் எத்தனையோ பேர் மேடையில் என் எதிரே வசனம் மறந்து நின்றிருக்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்காமல், என் வசனத்தையே இன்னொரு தடவை சொல்லிவிடுவேன்.