தனக்கொடி வீட்டு நிலைப்படி

எங்கள் தெருவில் யார் வீட்டில் கொத்து வேலை நடந்தாலும் முதலில் தனக்கொடியைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவார்கள். மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறவள். கான்ட்ராக்டர் எஸ்டிமேட்டை நீட்டினால், அவர் வாயைத் திறக்கும் முன்பே அதில் எதையெல்லாம் அடித்துக் கழிக்கலாம் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். மூலக்குளம் பக்கம் வேலை எடுக்கும் மேஸ்திரிகள் அவளைத் தூரத்தில் கண்டாலே முகம் சுளிப்பார்கள். எதிர் வீட்டுக்காரி என்ற முறையில் என் மாடிப்படி வேலையில் அவளால் எனக்கு லாபம்தான். அதற்காக அவளோடு அரை மணி நேரம் நிம்மதியாகப் பேச முடியும் என்று பொய் சொல்ல மாட்டேன்.

புருஷன் ராஜவேல் ஆட்டோ ஓட்டினார். சவாரி இல்லாத நேரமெல்லாம் முனை டீக்கடையில்தான் இருப்பார். சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடுவார் என்பதுதான் அந்த வீட்டின் தினசரிச் சண்டை. சர்க்கரை வியாதியில் போன வருஷம் காலில் வந்த புண் ஆறவே இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் முட்டிக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள். அங்கே பாத்ரூம் போகக்கூட இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது. அந்த மனுஷன் உடைந்து அழுதுவிட்டார்.

"வீட்லயாவது என்னை யாரும் தூக்கக் கூடாது, தனக்கொடி. நானே போவணும், நானே வரணும்."

அவள் சரி என்றாள். சீட்டு எடுத்த பணத்தோடு, ஹரிகிருஷ்ணன் என்ற இளவயது கான்ட்ராக்டரைப் பிடித்தாள்.

ஹரிகிருஷ்ணன் டேப்பை இழுத்து அளந்தபடி ஆசை காட்டினான். முகப்புக்கு டைல்ஸ் ஒட்டலாம், ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் போடலாம், இப்பவே செய்தால் செலவு கம்மி. தனக்கொடி ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"இது அவரு போறதுக்கா, வர்றதுக்கா?"

இரண்டுக்கும் இல்லை என்றால் அது வேண்டாம். டைல்ஸ் போனது, சீலிங் போனது. வாசலில் அவன் குட்டையாகப் போட இருந்த சரிவுப் பாதையை, ஆஸ்பத்திரியில் விசாரித்துவிட்டு வந்து நீளமாகப் போட வைத்தாள். அதற்கு அவளுடைய செம்பருத்திச் செடி குறுக்கே நின்றது. அதையும் வெட்டச் சொல்லிவிட்டாள். பாத்ரூம் கதவு அகலமானது, உள்ளே பிடித்துக்கொள்ளக் கம்பி வந்தது. சொன்ன பணத்துக்கு மேல் ஒரு மூட்டை சிமெண்ட்டுக்குக்கூட அவனால் வாங்க முடியவில்லை.

அவள் பேரம் பேசாத ஒரே சாமான் தலைவாசல் நிலை. பழைய நிலையில் சக்கர நாற்காலி நுழையாது என்று அதை எடுத்துவிட்டு, நல்ல தேக்கில் அகலமாகச் செய்யச் சொன்னாள். ஹரிகிருஷ்ணன் தயங்கித் தயங்கித்தான் சொன்னான்.

"கீழ்ப்படி வேணாம்க்கா. மூணு பக்கம் கட்டை வச்சா போதும்."

"கட்டையில மிச்சம் பண்ணப் பாக்கறியா? நிலைப்படி இல்லாத வூடு வூடா? மகாலட்சுமி எங்க வந்து நிப்பா?"

அதற்குள் அவனுக்கும் அலுத்துப்போயிருந்தது. "சரிக்கா" என்று போய்விட்டான். வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் நிலை வைத்தார்கள். மஞ்சள், குங்குமம், மாவிலை, அடியில் காசும் நவதானியமும். கார்பென்டர் சிலம்பரசனுக்கு வேட்டி, துண்டு. எல்லாவற்றுக்கும் கேட்ட அந்தக் கேள்வியை நிலைப்படிக்கு மட்டும் அவள் கேட்கவில்லை.

ராஜவேல் வீடு வந்த அன்று தெருவே வாசலில் நின்றது. ஆட்டோவிலிருந்து தானே நகர்ந்து நாற்காலிக்கு மாறினார். சரிவில் மூச்சு வாங்க மெதுவாகத் தள்ளிக்கொண்டு ஏறினார். மேலே போனதும் முன் சக்கரம் நிலைப்படியில் இடித்து நின்றது. பின்னால் வந்து மறுபடியும் தள்ளினார். மறுபடியும் இடித்தது. இரண்டு பையன்கள் உதவிக்கு ஓடினார்கள்.

"கிட்ட வராதீங்கடா!" என்றார்.

பாக்கியை வாங்க வந்திருந்த ஹரிகிருஷ்ணன் மெல்லச் சொன்னான், "அதுக்குத்தாங்க்கா அன்னைக்கு வேணாம்னேன்."

"அத வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னா?"

"நீங்க எங்க சொல்ல வுட்டீங்க?"

தனக்கொடி படிக்கு இரண்டு பக்கமும் சரிவு போடலாமா என்றாள். உள்ளே சரிவு போட்டால் கதவு திறக்காது என்றான். கூட்டத்தில் நின்ற சிலம்பரசனை அறுக்கச் சொன்னாள். அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

"பூஜை போட்டு வச்ச நிலைக்கா. நான் கை வைக்க மாட்டேன்."

"இன்னைக்கு ஒரு நாள் தூக்கிடலாமே" என்றேன் நான். அவள் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள்.

"ஒரு நாள் தூக்கினா தினமும் தூக்கணும்."

அவர் வருகிறார் என்று காலையில் வைத்த குங்குமம் படியில் அப்படியே இருந்தது. குனிந்து முந்தானையால் துடைத்தாள். படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எல்லோர் முன்னாலும் தாரை தாரையாக அழுதாள்.

"நீ அறு தம்பி" என்றாள் ஹரிகிருஷ்ணனிடம். எவ்வளவு ஆகும் என்று கேட்கவில்லை.

அவன் கட்டிங் மெஷினைக் கொண்டுவந்து படியை இரண்டு ஓரத்திலும் அறுத்து எடுத்தான். பள்ளத்தில் சாந்தை அள்ளிப் பூசி மேலே ஒரு தகடு வைத்தான். அதுவரை ராஜவேல் சரிவின் மேலேயே தூசியில் உட்கார்ந்திருந்தார். பிறகு தானே தள்ளிக்கொண்டு உள்ளே போனார். யாரும் தொடவில்லை.

மறுநாள் விடிந்ததும் வாசல் தெளிக்க நான் வெளியே வந்தேன். எதிரே தனக்கொடி வாளியோடு நின்றாள். அவள் வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது, உள்ளே நாற்காலி இல்லை.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா?" என்று முனை வரைக்கும் கேட்கும்படி கத்தினாள்.

டீக்கடையில் ராஜவேல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தனக்கொடி இன்னும் கொஞ்சம் திட்டினாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததே இல்லை.