கோர்ட்டு வாசல் அமலம்மாள்

கச்சாங் பூத்தே கடலையைக் காகிதச் சுருளில் கொட்டிக்கொண்டே அமலம்மாள் கேட்பாள்: "என்ன கேசு? திருட்டா, அடிதடியா?" பதில் வந்ததும் தீர்ப்பையும் சொல்லிவிடுவாள். "அடிதடின்னா அபராதந்தான் லா. அழாதே, கடலையத் தின்னு."

போலீஸ் கோர்ட்டு வாசலில் அவள் கூடை இறங்கிய பிறகுதான் வக்கீல்களே வருவார்கள். ஒல்லியான உடம்பு, கழுத்தில் ஜெபமாலை, வாயில் ஓயாத வெற்றிலை. எழுதப் படிக்கத் தெரியாது. எனக்கும் அதிகம் தெரியாது. ஆனால் ஒற்றை மாட்டு வண்டியில் தொடங்கியவன் நான், இன்று துறைமுகமே என் வண்டிகளுக்குக் காத்திருக்கிறது. ஜாமீனுக்கு என் பெயரைச் சொன்னால் இந்தப் பினாங்கில் மறுபேச்சுக் கிடையாது. அவள் எனக்குப் பழக்கமானதும் அப்படி ஜாமீன் நிற்கப் போன இடத்தில்தான்.

கைதிகளின் வீட்டாருக்கு அவள் ஓதுவது ஒன்றே. "நம்ம ஆளுங்க தொரை எதைக் கேட்டாலும் ஆமாங்கன்னு தலையாட்டிருவானுங்க. இங்க ஆமான்னா செயிலு லா!"

சென்ற மாதம் அவள் புருஷனே கூண்டில் ஏறினான். பால்ராஜ் ஒரு துரை வீட்டுக் குதிரைக்காரன். வெள்ளிப் பூண் போட்ட சேணத்தை இவன் திருடிவிட்டான் என்று துரை எழுதிக் கொடுத்தார். சேணம் போன அன்று இவன் கடலுக்கு அக்கரையில், தாசேக் கெலுகோரில் ஒரு கல்யாணப் பந்தலில் இருந்தான். ஜாமீன் நான்தான். வக்கீலும் வைக்கிறேன் என்றேன். "உண்மைக்கு எதுக்குண்ணே வக்கீலு?" என்றாள்.

துரைக்குக் காய்ச்சல் என்று ஒரு தவணை, மொழிபெயர்ப்பாளர் வரவில்லை என்று ஒரு தவணை. கல்யாணத்தில் இவனைப் பார்த்த தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி பாக்கியநாதன் ஒவ்வொரு முறையும் சாட்சி சொல்லப் படகேறி வந்து, சும்மா திரும்பினார்.

அமலம்மாள் அடுப்படியில் புருஷனைப் பழக்கினாள்.

"என்னா சொல்லுவே?"

"எடுக்கலன்னு சொல்லுவேன்."

"யாருகிட்ட?"

"தொரைகிட்ட..." அந்த இடத்தில் அவன் குரல் இறங்கிவிடும்.

வழக்கு எடுத்த அன்று மொழிபெயர்ப்பாளர் குற்றத்தைத் தமிழில் சொல்லி, "ஒத்துக்கிறியா?" என்றார். பால்ராஜ் முன்வரிசையில் இருந்த தன் துரையைப் பார்த்தான்.

"தொரை சொன்னா சரிங்க."

"ஒழுங்காச் சொல்லப்பா. எடுத்தியா, இல்லியா?"

"தொரை பொய் சொல்லுவாங்களா? ஆமாங்க."

கிராணியைக் கூப்பிடவே இல்லை. மாஜிஸ்திரேட்டு தலை நிமிராமல் ஆறு மாதச் சிறை என்று எழுதினார்.

வராந்தாவில் அமலம்மாள் அவனை மறித்தாள். "ஏன்யா அப்படிச் சொன்னே?"

"மூஞ்சிக்கு நேரா, தொரை பொய் சொல்றாருன்னு எப்படிடி சொல்றது?"

அப்போது துரை வெளியே வந்தார். பால்ராஜ் விலங்கோடு இரண்டு கைகளையும் நெற்றிக்குத் தூக்கினான். அமலம்மாள் எட்டி அந்த விலங்கைப் பிடித்தாள். அவன் கைகளைக் கீழே இழுத்து, துரை மோட்டார் ஏறித் தெருமுனை திரும்பும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.