முனிவர் விட்ட மின்விசிறி

மின்விசிறி ரிப்பேர் கடையில் செப்புக் கம்பியில் காயில் கட்டுகிறவருக்கு முனிவர் என்று பெயர் வைத்தது உடன் வேலை செய்தவர்கள்தான். கேலிக்குத்தான் வைத்தார்கள். மனிதர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். அங்கேதான் வந்தது வினை.

முதலில் டீயை விட்டார். விட்டவர் சும்மா விட்டாரா? கடைக்கு டீ வரும்போதெல்லாம் கையை உயர்த்தி, நமக்கு அதெல்லாம் கிடையாது என்று தெருக்கோடிவரை கேட்கச் சொன்னார். அடுத்து உப்பு. வீட்டில் இருப்பதோ ஒரே அடுப்பு. அவர் உப்பை விட்ட அன்றே அவர் மனைவியும் தன்னைக் கேளாமலே உப்பை விட்டவளானாள். புண்ணியத்தில் மட்டும் அவளுக்குப் பங்கில்லை.

கோடை பிறந்ததும் மின்விசிறியை விட்டார். ஊரார் விசிறியையெல்லாம் சுற்ற வைக்கிறவர், தன் வீட்டு விசிறியின் கண்டன்சரைக் கழற்றிக்கொண்டுபோய் யாருடையதிலோ மாட்டிவிட்டு வந்தார். அது இல்லாவிட்டால் விசிறி முனகும், சுற்றாது. இருப்பது ஒரே அறை. தான் விட்ட விசிறி அவள் தலைக்கும் மேலேதான் தொங்குகிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. டீயை விட்டார், உப்பை விட்டார், விசிறியை விட்டார். படுத்ததும் குறட்டையும் விட்டார். அவள் புழுங்கிக்கொண்டு விழித்துக் கிடந்தாள்.

அவள் தையல் ஆலையில் காலர் தைப்பவள். தூக்கம் கெட்டுக் கெட்டு, ஒரு நாள் மெஷினிலேயே கண் அசந்துவிட்டாள். ஊசி ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. இன்னொரு முறை தூங்கினால் வேலைக்கு வரவேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லியனுப்பினார். கட்டுப்போட்ட விரலோடு வந்து நின்றவளிடம், வலியைப் பொறுத்துக்கொள்வதும் ஒரு தவம்தான் என்றார் முனிவர். கேட்கிற நமக்கே பற்றிக்கொண்டு வருகிறது, அவளுக்கு வராதா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் பையில் துணி அடுக்கினாள். அக்கா வீட்டுக்கா, எத்தனை நாளைக்கு என்று கேட்டார்.

"நானும் எதையாவது விடலாம்னு பாத்தேங்க. இருந்ததையெல்லாம் நீங்களே விட்டுட்டீங்க. எனக்கு விடறதுக்கு மிச்சம் இருக்கறது நீங்க ஒருத்தர்தான்."

வேண்டாம், வேண்டாம் என்றே பழகிய முனிவரின் நாக்குக்கு மற்ற வார்த்தை லேசில் வரவில்லை. மென்றார், விழுங்கினார்.

"நீ எனக்கு வேணும்," என்றார் கடைசியில், திருடிவிட்டு மாட்டிக்கொண்டவரைப்போல.

"எனக்குத் தூக்கம் வேணும்," என்றாள் அவள்.

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். பூட்டிக் கிடந்த கடையைத் திறந்து ஒரு கண்டன்சரை எடுத்துவந்து, ஸ்டூல்மேல் ஏறி மாட்டினார். விசிறி சுற்ற ஆரம்பித்ததும் அவள் பையையே தலைக்கு வைத்துப் படுத்தாள். ஐந்தில் வைக்கச் சொன்னாள். கண்ணை மூடினாள்.

அவரும் பக்கத்தில் படுத்தார். பழக்கம் விட்டுப்போன காற்று மூக்கில் ஏறி, பெரிய தும்மல் ஒன்று கிளம்பி வந்தது. ஊரைக் கூட்டுகிற தும்மல் அவருடையது. மூக்கை இறுக்கிப் பிடித்து, கண்ணில் தண்ணீர் வர, அடக்கினார். இன்னொன்று வந்தது. அதையும் அடக்கினார். அவள் சாயங்காலம்வரை தூங்கினாள். தும்மலை அடக்கியதை மட்டும் முனிவர் கடையில் யாரிடமும் சொல்லவில்லை.