டேபிருக்கு யார் பங்காளி?

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வேலை தேடிக்கொண்டிருந்தேன்.

திருச்செங்கோடு பக்கம் ஒரு தனியார் பள்ளி. ப்ளஸ் ஒன் விலங்கியலுக்கு ஆசிரியை தேவை. பழைய பள்ளியில் என் வேலை போன பிறகு நான் ஏறி இறங்கிய பள்ளிகளில் இதுதான் கடைசி. இதுவும் இல்லையென்றால் சேலத்தில் துணிக்கடையில் பில் போட வேண்டியதுதான் — எம்.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். பில் போடுவது கேவலமில்லை. ஆனால் நான் போட மாட்டேன். திமிர் என்பீர்கள். ஆமாம்.

டெமோ கிளாஸுக்குப் பாலூட்டிகளின் வகைப்பாடு என்று தலைப்பு கொடுத்தார்கள். எல்லோரும் மாட்டையும் குதிரையையும் எடுப்பார்கள். நான் டேபிரை எடுத்தேன்.

டேபிர் தெரியுமா? தெரியாவிட்டால் தப்பில்லை. நம் நாட்டுக் காடுகளில் அது கிடையாது. பன்றி மாதிரி உடம்பு. யானையின் தும்பிக்கையைப் பாதியில் நறுக்கி ஒட்டியது போல மூக்கு. மலேசியக் காட்டில் இருப்பது முன்னும் பின்னும் கறுப்பு, நடுவில் வெள்ளைப் போர்வை. போர்டில் வரைந்து முடித்தேன். தூங்கிக்கொண்டிருந்த வகுப்பு எழுந்து உட்கார்ந்தது.

"பன்னிங்க மிஸ்!"

"இல்லீங்க மிஸ், யானையும் பன்னியும் லவ் மேரேஜுங்க!" — இது பின் பெஞ்ச்.

ஒரே சிரிப்பு. கடைசி வரிசையில் இருந்த தாளாளரும் சிரித்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு போன். ரிக் வண்டி விட்டு, ஊர் ஊராகப் போர்வெல் போட்டுச் சம்பாதித்து இந்தப் பள்ளியைக் கட்டியவர். எனக்கு வேலை தருவதும் தராததும் அவர் கையில்.

"மூஞ்சியைப் பார்க்காதீங்க. காலைப் பாருங்க," என்றேன்.

பின்னங்காலில் மூன்று விரல். முன்னங்காலில் நான்கு. பன்றி இரட்டைப்படைக் குளம்பி — ஆடு, மாடு, மான் பக்கத்துச் சொந்தம். டேபிர் ஒற்றைப்படைக் குளம்பி. அந்தப் பக்கம் இன்று மிச்சமிருக்கும் உறவு இரண்டே... குதிரை, காண்டாமிருகம்.

ஒரு கை உயர்ந்தது. தாளாளர் கை.

"மேடம், முன்னங்கால்ல நாலு விரலுங்கறீங்க. நாலு எப்பிடிங்க ஒத்தைப்படை ஆகும்?"

நல்ல கேள்வி. பாடப் புத்தகம் இந்த இடத்தில் மெதுவாக நழுவிவிடும். விஷயம் விரல்களின் எண்ணிக்கையில் இல்லை. பாரத்தை எது தாங்குகிறது என்பதில் இருக்கிறது. டேபிரின் எடை நடுவிரலில் இறங்குகிறது. அந்த நாலாவது விரல் சேறு, சகதி என்றால்தான் வேலைக்கு வரும். குதிரைக்கும் அதே நடுவிரல்தான் — மற்றவை காலப்போக்கில் போய், அந்த ஒன்றே குளம்பாகிவிட்டது. பன்றிக்கு எடை இரண்டு விரல்களில் சமமாகப் பிரிகிறது.

வயிற்றுக்குள் போனாலும் இதே கதைதான். டேபிர் மாடு போல அசை போடாது. குதிரை போல, தின்ற தழை குடலின் கடைசிப் பகுதிக்குப் போய்த்தான் நொதித்துச் செரிக்கும்.

"அப்ப இது குதிரைக்குப் பங்காளிங்களா மிஸ்?"

"பங்காளிதான். ரொம்பக் காலத்துக்கு முன்னாடி பாகம் பிரிஞ்சு போன பங்காளி."

"அப்பறம் ஏனுங்க மிஸ் பன்னியாட்ட இருக்குது?"

ஒரே மாதிரிப் புதரில் நுழைந்து, ஒரே மாதிரிச் சேற்றில் புரண்டு வாழ்ந்தால் உடம்பும் ஒரே மாதிரி ஆகிவிடும். அதனால் சொந்தமாகிவிட முடியாது. உண்மையான சொந்தங்களான மற்ற டேபிர்களோ கடலுக்கு அந்தப் பக்கம், தென் அமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் இருக்கின்றன. ஒரு காலத்தில் இடையிலும் டேபிர்கள் இருந்தன, அவை அழிந்துபோயின. ஆசியாவில் மிஞ்சியது ஒரே ஓர் இனம். ஆனால் எந்த டேபிர் போட்ட குட்டியானாலும் உடம்பெல்லாம் கோடும் புள்ளியுமாகத்தான் பிறக்கும் — தர்பூசணிக்குக் கால் முளைத்தது போல.

வகுப்பு முடிந்தது. தாளாளர் என்னை ஆபீசுக்குக் கூட்டிப் போனார்.

"நம்ம போர் போடற மாதிரித்தானுங்க மேடம். மேலாப்புல மண்ணைப் பார்த்து ஒண்ணுஞ் சொல்ல முடியாது. உள்ள எறங்குனாத்தான் தெரியும்."

ஆஹா, மனிதருக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"ஊரு எதுங்க?"

"மல்லசமுத்திரமுங்க."

"அட! பேச்சுலயே நெனச்சேன். எங்கப்பா பொறந்த ஊரு. ஊடு எந்தப் பக்கம் அம்மணி?"

மேடம் அம்மணியாகிவிட்டேன்.

"ஊருக்கு மேக்காலங்க."

"அப்பறம் என்ன? அந்தப் பக்கம் பூராவும் நம்ம கூட்டந்தானே கண்ணு! பங்காளி ஊட்டுப் புள்ளையா நீயி?"

வெளியூர் வாசகர்களுக்கு: இந்தப் பக்கம் கூட்டம் என்றால் குலம். ஒரே கூட்டம் என்றால் பங்காளி, வேறு கூட்டம் என்றால் மாமன் மச்சான். ஊர், வீடு, கூட்டம் — இந்த மூன்று கேள்வியில் ஒரு மனிதரை இனம், குடும்பம், வரிசை என்று அடுக்கி முடித்துவிடுவார்கள். விலங்கியலாளர்களுக்கு இந்த வேகம் வராது.

அவர் போனை எடுத்தார். "ஆர்டரை டைப் அடிக்கச் சொல்லிர்றேன் இரு."

நான் பொய் சொல்ல வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். துணிக்கடை இல்லை, இன்னொரு டெமோ கிளாஸ் இல்லை. ஆனால் நான் சும்மா இருந்தால், தறிக் குடோனில் நின்று நின்று கால் வீங்கி என்னைப் படிக்க வைத்த இரண்டு பேர் அந்த அறையில் இல்லாமல் போவார்கள். அதோடு, மூஞ்சியைப் பார்க்காதே என்று அவ்வளவு நேரம் கத்திவிட்டு வந்தவள் நான்தானே?

"நாங்க உங்க பங்காளிங்க இல்லீங்க," என்றேன். "எங்கப்பா அம்மா தம்மம்பட்டியில இருந்து தறி ஓட்ட வந்தவங்க. பேச்சு மட்டுந்தானுங்க இந்த ஊருது."

போன் மேஜைக்கு இறங்கியது.

"அப்பிடிங்களா... மேடம்."

மறுபடியும் மேடம். அந்தக் 'கண்ணு' போன வேகத்தைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

"இந்தப் பக்கம் உங்களுக்கு வேண்டப்பட்டவங்கன்னு யாருமே இல்லீங்களா?"

"இல்லீங்க."

அவர் மின்விசிறியைப் பார்த்தார். "அந்த மிருகமும் ஆசியாவுல தனிக்கட்டைன்னீங்களே. ஒரு சொந்தமும் இல்லாத எப்பிடீங்க பொழைக்குது அது?"

"நல்லா நீந்துமுங்க," என்றேன். வகுப்பில் சொல்ல மறந்த ஒரு தகவல், அவ்வளவுதான். ஆபத்து வந்தால் டேபிர் தண்ணீரில் இறங்கிவிடும்.

"சரிங்க. போன் பண்றோம்."

வேலை தேடிய எல்லோருக்கும் அந்த வாக்கியத்தின் அர்த்தம் தெரியும். பஸ் ஏறினேன். துணிக்கடைக்கு என்ன கலர் யூனிஃபார்ம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. பள்ளி கிளார்க்.

"மேடம், திங்கக்கெழமை ஜாயின் பண்ணிக்குங்க. அப்பறம்... ஐயா ஒண்ணு சொல்லச் சொன்னாருங்க. எனக்கு ஒண்ணும் புரியலை. நம்ம ஸ்கூல்ல நீச்சல் குளம் இல்லீங்களாமா. பரவால்லீங்களான்னு கேக்கச் சொன்னாரு."

பரவாயில்லைங்க, சமாளித்துக்கொள்கிறேன் என்றேன்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன் — எனக்கு நீச்சல் தெரியாது.