ஏற்புரை இல்லாத நிகழ்ச்சி நிரல்

பள்ளியில் பேச்சுப்போட்டிக் கோப்பைகள் வாங்கியவன் என்பதால், 1991இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பயிற்சியாளனாகச் சேர்ந்ததுமே மைக் என் கைக்கு வந்துவிட்டது. வரவேற்புரை ஆளைச் சேர்க்க, பாராட்டுரை ஆளை உயர்த்த, நன்றியுரை கூட்டத்தைக் கலைக்க. மேடைப் பேச்சு இவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

தகடு வெட்டும் பவர் பிரஸ்ஸில் மூன்று விரல்களை இழந்த ஒரு ஆபரேட்டருக்குப் பிரிவு உபசார விழா என்றார் பர்சனல் ஆபீசர். "அவராத்தான் விரும்பிப் போறாரு. நிகழ்ச்சி நிரல் எழுதிடு. ஏற்புரை மட்டும் வேணாம். பாவம், அழுதுடுவாரு."

பாராட்டப்படுகிறவர் பதில் பேசாத விழாவை நான் பார்த்ததில்லை. ஆனாலும் எழுதினேன், அழகான கையெழுத்தில்.

விழா நாளில் கேன்டீன் வாசலில் அந்த ஆபரேட்டர், வடக்குப்பட்டுக்காரர், கட்டுப் போட்ட கையோடு என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா தம்பி, லீவு முடிஞ்சி வேலைக்கு வந்தா மாலைலாம் வாங்கி வெச்சிகிறீங்க? மாப்ள அழைப்பு மாரி கீது!"

அது அவருக்கான பிரிவு உபசாரம் என்று அவரிடம் யாரும் சொல்லவே இல்லை.

மேடையில் ஆபீசர், "இனி அவர் குடும்பத்தோடு நிம்மதியாக ஓய்வெடுக்கட்டும்" என்று குரல் தழுதழுக்கச் சொல்லிச் சால்வை போர்த்தினார். நாற்பது வயதுகூட ஆகாத மனிதருக்கு ஓய்வாம்! வேலை வேகமாக நடக்கப் பிரஸ்ஸின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றச் சொன்னது யார் என்பது பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாராட்டிப் பாராட்டியே ஆளை வாசலுக்கு வெளியே தள்ளும் பேச்சும் ஒன்று உண்டு என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதற்கு மேடை போட்டுக் கொடுத்த முட்டாள் நான்.

நிரலில் அடுத்தது என் நன்றியுரை. மைக்கைப் பிடித்தேன். "அடுத்து, ஏற்புரை" என்றேன். ஆபீசர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் திரும்பவில்லை.

ஆபரேட்டர் சால்வையை எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டு வந்தார்.

"நான் போறேன்னு யார்கிட்ட சொன்னேன் சார்? மூணு போச்சு, ரெண்டு கீது. இந்தக் கை முழுசா கீது. ஸ்டோர்ல போடுங்க, கேட்ல போடுங்க. நாளைக்கு எனக்கு இன்னா ஷிப்ட்டு, அத்த சொல்லுங்க."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "செகண்ட் ஷிப்ட்டுண்ணா! பஸ்ல எடம் போட்டு வெக்கிறோம்!" கேன்டீன் முழுக்கத் தட்டுகளைத் தட்டினார்கள்.

"நன்றி சொல்லி முடிடா" என்று ஆபீசர் பல்லைக் கடித்தார்.

"யாருக்கு சார்?" என்றேன்.

ஆபரேட்டரை ஸ்டோரில் போட்டார்கள். என்னை அந்த வாரமே அனுப்பிவிட்டார்கள். அதற்கு எந்த உரையும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.